துவக்கின் பங்கு

அவரிடம் காட்டுக்குப் பெர்மி இருந்தது. றோட்டுக்கு இல்லை.

பெர்மி என்றால் பிரான்ஸில் லைசென்ஸ். வேட்டைக்கான பரீட்சையில் முதல் தரமே பாஸ். கார் ஓட்டும் பரீட்சை அப்படி இல்லை. திரையில் படம் வரும். வலது பக்கத்தால் வருகிற காருக்கு வழி விடுவதா, தான் போவதா என்று அவர் யோசித்துக்கொண்டிருப்பார். அதற்குள் அடுத்த படம் வந்துவிடும். சில தரம் எழுதிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

"காட்டிலை ஒண்டும் வலப்பக்கத்தாலை வாறேல்லையோ அண்ணை?" என்று எங்கள் சனத்தின் கடைத்தெருவான லா சப்பலில், தேத்தண்ணிக் கடையில் கேட்பார்கள்.

"வாறதுதான். ஆனா அது காட்டுப்பண்டி. நிண்டு பாத்திட்டுப் போகும்," என்பார்.

பெர்மி இல்லாததால்தான் எனக்கு அவர் பழக்கம். நான் றஞ்சிஸ் மொத்தச் சந்தையில் மரக்கறி ஏற்றி லா சப்பல் கடைகளுக்கு இறக்குகிறவன். என்னிடம் வான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. ஒரு நாள் கத்தரிக்காய்ப் பெட்டி இறக்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் வந்து நின்றார். பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"தம்பி, ஞாயிறு என்ன செய்யிறனீர்?"

"நித்திரை கொள்ளுறனான்."

"காட்டிலையும் கொள்ளலாம். வாரும்."

அவ்வளவுதான் கதைத்தது. போனேன். பிறகு மாரிக்காலம் முழுக்கப் போனேன். வருசக் கணக்காகப் போனேன்.

ஆள் கட்டை. கழுத்தும் கட்டை. கை விரல்கள் தடிப்பு. ஒரு பிரெஞ்சு ரெஸ்ரோறன்ரின் குசினியில் நின்றார். வீடு நகரத்துக்கு வெளியே, லெ பிளாங்-மெனிலில். எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் முதலில் தலைகீழாகப் பிடித்து அடியைப் பார்ப்பார். எங்கே செய்தது என்று பார்ப்பார். குடை என்றாலும் பார்ப்பார், சட்டி என்றாலும் பார்ப்பார். பிறகு இரண்டு கேள்வி கேட்பார். எவன் செய்தது? பழுதானால் ஆரிட்டைக் கொண்டு போறது? கடைக்காரன் பதில் சொல்வான். இவர் கேட்டுவிட்டு, "பாப்பம்," என்று சாமானைத் திரும்ப வைத்துவிடுவார். அதனால் எங்கள் பக்கத்தில் அவருக்குப் பெயர் பாப்பம் அண்ணை. சொந்தப் பெயர் வேறு. நீளமான பெயர். கூப்பிடுகிற ஆட்கள் குறைவு.

அவருடைய ரெஸ்ரோறன் முதலாளி ஓர்லேயோன் நகரத்துக்கு அப்பால் ஒரு கிராமத்து ஆள். அந்தக் கிராமத்தில் வேட்டைச் சங்கம் இருந்தது. முதலாளிதான் இவரை அங்கே சேர்த்துவிட்டார். முதலாளியின் மாமன் ஒருவர் அங்கே தனியாக இருந்தார். வயது போன மனிசன். மனைவி இல்லை. இடுப்பு எலும்பு உடைந்து, தடி பிடித்து நடக்கிறவர். ஒரு காலத்தில் அந்தச் சங்கத்தில் முதல் நிலையில் நின்று சுட்டவராம். இப்போது துவக்கு அலுமாரியில். அவர் கதிரையில்.

அந்தக் கிழவர்தான் இவருக்குத் துவக்கு இரவல் கொடுத்தார். பிரெஞ்சுத் துவக்கு. இரண்டு குழல், பக்கம் பக்கமாக. கிழவருடைய தகப்பன் வாங்கியது. கொடுக்கும்போது கிழவர் சொன்னார். சொன்னது பிரெஞ்சில். நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"இது இந்த நாட்டு இரும்பு. வெளியிலை செய்த தகரம் இல்லை. விழுத்திப்போடாதை."

இவர் துவக்கைத் தலைகீழாகப் பிடித்து அடியைப் பார்த்தார். கிழவருக்கு அது பிடித்துவிட்டது.

முதல் நாள் வேட்டை எனக்கு நல்ல ஞாபகம். நான் துவக்கில்லாத ஆள். ஒறேஞ்ச் சட்டை போட்டு, கையில் தடியோடு, பற்றைக்குள் சத்தம் போட்டுப் போகவேண்டும். பன்றி வெளிக்கிட்டு ஓடும். துவக்குக்காரர் வரிசையாக நிற்பார்கள். இவர் ஓக் மரத்தடியில் நின்றார். ஒரு வெடி கேட்டது. பிறகு சத்தம் இல்லை. கொம்பு ஊதினார்கள். போய்ப் பார்த்தால் பன்றி கிடந்தது. இவர் பக்கத்தில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

பிறகு பங்கு பிரித்தல். ஒரு கொட்டிலுக்குள் நீலப் பிளாஸ்ரிக் விரித்து, இறைச்சியைக் குவியல் குவியலாக வைப்பார்கள். வந்த ஆட்கள் எத்தனையோ குவியல் அத்தனை. ஒருவர் சுவரைப் பார்த்து, முதுகு காட்டி நிற்பார். இன்னொருவர் ஒரு குவியலில் கையை வைத்து, "ஆருக்கு?" என்பார். முதுகு காட்டி நிற்கிறவர் வாயில் வந்த பெயரைச் சொல்வார். அந்த ஆள் கையை உயர்த்தி அந்தக் குவியலை எடுப்பார். நல்ல துண்டு, கெட்ட துண்டு என்று ஒருவரும் சண்டை பிடிக்க முடியாது.

இவருடைய பெயரை அவர்களுக்குச் சொல்ல வராது. "குசினிக்காரன்," என்றார்கள். இவர் தன் குவியலை எடுத்தார். எடுத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"என்ன?" என்றார் சங்கத் தலைவர்.

"மற்றது?"

"எந்த மற்றது?"

"துவக்கின்ரை பங்கு."

இவருடைய ஊர் மன்னாருக்கு உள்பக்கம், காட்டு ஓரம். அங்கே இவருடைய தகப்பனிடம் சொந்தத் துவக்கு இருந்ததில்லை. இரவல் துவக்கோடு போவார். இறைச்சி பிரிக்கும்போது ஆளுக்கு ஒரு பங்கு, துவக்குக்கு ஒரு பங்கு. துவக்கின் பங்கு துவக்குச் சொந்தக்காரன் வீட்டுக்குப் போகும். சொந்தக்காரன் காட்டுக்கு வராவிட்டாலும் போகும். இவர் உலகம் முழுக்க அதுதான் வழக்கம் என்று நினைத்திருந்தார்.

இதைப் பிரெஞ்சில் சொல்ல இவருக்கு வரவில்லை. எனக்கும் வரவில்லை. அவர்களுக்கு விளங்கியது ஒன்றுதான். புதிதாக வந்த வெளிநாட்டுக்காரன் முதல் நாளே இரண்டு குவியல் கேட்கிறான்.

"ரெஸ்ரோறன்ருக்குக் கொண்டு போறானாக்கும்," என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "இஞ்சை ஒரு ஆளுக்கு ஒரு குவியல்," என்றார்.

இவர் தலையை ஆட்டினார். தன் ஒரு குவியலைப் பைக்குள் போட்டார். வானைக் கிழவர் வீட்டுக்கு விடச் சொன்னார். மேசையில் முழுப் பையையும் வைத்தார்.

கிழவருக்கு முகம் மாறியது. "நான் பிச்சை கேட்டனானோ?"

"இல்லை முசியே. எங்கடை ஊரிலை துவக்கும் சாப்பிடும். அதின்ரை பங்கு அதின்ரை சொந்தக்காரனுக்கு."

அதை எப்படியோ பிரெஞ்சில் சொல்லிவிட்டார். கிழவர் தடியைச் சுவரில் சாய்த்தார். பிறகு பையைத் திறந்து பார்த்தார்.

"துவக்கு நல்லாச் சாப்பிடுது," என்றார். கிளாஸ் எடுத்து வைத்தார். "எந்த இடத்திலை நிண்டனீ? காத்து எந்தப் பக்கம்?"

அன்றிலிருந்து அதுதான் நடந்தது. ஒவ்வொரு தரமும் இவருடைய குவியல் முழுக்கக் கிழவருக்கு. ஒவ்வொரு தரமும் கிழவர் கேட்பார். ஆர் எங்கே நின்றது? எந்த நாய் முதலில் குரைத்தது? ஏன் இரண்டாவது வெடி? இவர் அரைகுறைப் பிரெஞ்சில் சொல்வார். கிழவர் கதிரையில் இருந்தபடி கையை உயர்த்தி, இல்லாத துவக்கைப் பிடித்துச் சுடுவார். காட்டுக்குப் போய்வந்தது போலக் களைப்பாக இருப்பார்.

ஒருநாள் திரும்பி வரும்போது கேட்டேன். "பாதியை நீங்கள் எடுக்கலாம்தானே அண்ணை?"

"துவக்கு பாதி சுடுறேல்லை."

நான் பிறகு கேட்கவில்லை.

அதனால் அவர் வேட்டைக்குப் போய் ஒருநாளும் ஒரு துண்டு இறைச்சி வீட்டுக்குக் கொண்டு போனதில்லை. எனக்கு மட்டும் தெரியும். ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். கந்தோர்கள் கூட்டித் துடைக்கிற வேலை. வாய் பொல்லாது. நான் வானை நிற்பாட்டினால் யன்னலால் எட்டிப் பார்ப்பா.

"வந்திட்டாரோ வேட்டைக்காரர்? என்ன, இண்டைக்கும் பண்டி லீவோ?"

"ஓம்," என்பார் அவர்.

"காலமை போறது, பொழுதுபட வாறது. ஒரு முயல்காது கண்டனானோ? தம்பி, உண்மையைச் சொல்லும். இந்த மனிசன் அங்கை போய்ச் சுடுறவரோ, இல்லாட்டி மரத்துக்குக் கீழை குந்தி இருக்கிறவரோ?"

"சுடுறவர் அக்கா."

"எங்கை? வானத்துக்கோ?"

அவ துவக்கு விசயத்தில் மட்டும் பகிடி விடமாட்டா. வீட்டுக்குள் துவக்கு வந்தால் தான் வெளியே என்று முதலே சொல்லியிருந்தா. சண்டைக்காலத்தில் ஊரில் அவ பார்த்தது காணும். அவரும் அதை மறுத்ததில்லை. துவக்கு கிழவர் வீட்டிலேயே படுத்தது.

கரைச்சல் பிறகு வந்தது. கிழவருடைய துவக்கு மடிக்கிற இடத்தில் ஆடத் தொடங்கியது. மூடினாலும் மயிரிழை இடைவெளி. பக்கத்து நகரத்தில் துவக்குக் கடைக்காரர் ஒருவர் இருந்தார். பார்த்துவிட்டு, இனி இதில் தோட்டா போடக்கூடாது என்றார். அந்தப் பாகம் இப்போது ஒருவரும் செய்வதில்லை. செய்தாலும் குழல் தாங்காது. சங்கத் தலைவரும் சொல்லிவிட்டார். அடுத்த பருவம் சொந்தத் துவக்கோடு வரவேண்டும். இல்லாவிட்டால் தடியோடு வரவேண்டும்.

லா சப்பலில் இந்தக் கதை பரவியது. பாப்பம் அண்ணை துவக்கு வாங்கப் போறாராம். இஞ்சத்தைத் துவக்கோ, வெளிநாட்டுத் துவக்கோ? தேத்தண்ணிக் கடையில் ஆளுக்கு ஆள் கதை.

"இத்தாலிக்காரன்ரை வாங்கண்ணை," என்றார் கடைக்காரர். "ஒரு சாமான் உடைஞ்சா அடுத்த கிழமை வரும். பிரெஞ்சுக்காரன்ரை உடைஞ்சா அவன்ரை பேரனைத் தேடவேணும்."

மூலையில் பாண்டிச்சேரி ஐயா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்சன் எடுக்கிறவர். "அதெல்லாம் பளபளப்புப்பா. துப்பாக்கின்னா பிரான்ஸ் துப்பாக்கிதான். பட்டாளத்துல இருந்தவன் சொல்றேன், கேட்டுக்க."

"ஐயா பட்டாளத்திலை குசினியிலை எல்லோ நிண்டவர்?"

"குசினியில நின்னாலும் கையில துப்பாக்கி குடுத்தான்பா!"

"அப்ப பொருத்தம்தான். குசினிக்காரனுக்குக் குசினிக்காரன் புத்தி சொல்லுறார்."

மீன்கடைக்காரர் சிரிக்கவில்லை. "துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள். இவர் காசு குடுத்து வாங்கப் போறார்."

இவர் தேத்தண்ணியைக் கலக்கினார்.

"அது ஆக்களுக்கு. இது கறிக்கு," என்றார்.

"கறி எங்கை அண்ணை? இவ்வளவு காலத்திலை ஒரு எலும்பு கண்டமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கடைக்காரர் விடவில்லை. "முதல்லை இதைச் சொல்லுங்கோ. உங்களுக்கு எது உள்நாடு? பாஸ்போட்டைப் பாத்தா பிரான்ஸ் துவக்குத்தான் உள்நாட்டுத் துவக்கு."

"முகத்தைப் பாத்தா?" என்று கேட்டார் இவர்.

"முகத்தைப் பாத்தா இடியன்!"

இடியன் என்றால் எங்கள் ஊர்க் கொல்லர் அடிக்கிற துவக்கு. குழல் வாயால் மருந்து போட்டு இடிக்கவேண்டும். சில வேளை பன்றி சாகும். சில வேளை சுடுகிறவன் மீசை போகும். கடை முழுக்கச் சிரித்தது. இவர் கிளாஸைத் தூக்கி அடியைப் பார்த்தார். "பாப்பம்," என்று எழும்பிப் போனார்.

துவக்குக் கடைக்கு நானும் கூடப் போனேன். கடைக்காரர் இரண்டை எடுத்து மேசைத் துணியில் வைத்தார். ஒன்று பிரெஞ்சு. பழையது, ஆனால் நல்ல நிலை. வாதுமை மரம். பக்கத்தில் கவுதாரி செதுக்கியிருந்தது. மற்றது இத்தாலி. புதிது. குழல் ஒன்றின் மேல் ஒன்று. எந்தத் தோட்டாவும் போடலாம் என்றார்.

இவர் தன் இரண்டு கேள்வியையும் கேட்டார்.

"இதை எவன் செய்தது?" பிரெஞ்சுத் துவக்கைக் காட்டிக் கேட்டார்.

"இப்ப உயிரோடை இல்லாத ஆக்கள்."

"பழுதானா?"

"என்னட்டைக் கொண்டு வா. நான் இருக்கும்வரைக்கும் பாப்பன்."

"மற்றதை?"

"அது மெசின் செய்தது. எவனும் திருத்துவான்."

இவர் இரண்டையும் தோளில் வைத்துப் பார்த்தார். பிரெஞ்சைப் பிடித்தபோது கழுத்தை நீட்டினார். இத்தாலியைப் பிடித்தபோது நீட்டவில்லை. எனக்கே தெரிந்தது. கீழே வைத்தார். "பாப்பம்."

வானில் ஏறியதும் கேட்டேன். "இத்தாலிதானே அண்ணை உங்களுக்குச் சரி?"

"ஓம்."

"பேந்தென்ன?"

வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வயல் முடிந்து பெரிய றோட்டு வந்தபிறகு சொன்னார்.

"வாங்கினா அது என்ரை துவக்கு, தம்பி."

"அதுதானே வேணும்?"

"என்ரை துவக்கின்ரை பங்கு எனக்கு. கிழவன் என்ன செய்வான்?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கிழவருக்கு இறைச்சி பெரிதில்லை. இறைச்சிக்கடை அவர் வீட்டுக்கு முன்னால். துவக்கு போகும்வரை அவரும் காட்டுக்குப் போகிறார். துவக்கு நின்றால் அவரும் நின்றுவிடுவார். சும்மா கொடுத்தால் வாங்கமாட்டார்.

பருவம் தொடங்கியது. இவரிடம் துவக்கு இல்லை. தடியோடு என் பக்கத்தில் பற்றைக்குள் நடந்தார். நல்லாகச் சத்தம் போட்டார். பன்றி விழுந்தது. தடிக்காரருக்கும் ஒரு குவியல் உண்டு. எடுத்துக்கொண்டு கிழவர் வீட்டுக்குப் போனோம்.

கிழவர் கதவைப் பாதிதான் திறந்தார். பையைப் பார்த்தார்.

"என்ரை துவக்கு அலுமாரிக்குள்ளை நிக்குது," என்றார். "அது இண்டைக்கு வேலை செய்யேல்லை."

"முசியே..."

"வேலை செய்யாத துவக்குக்குச் சாப்பாடு இல்லை. நீதான் சொன்னனீ."

கதவு மூடியது. கிளாஸ் சத்தம் கேட்கவில்லை. ஆர் எங்கே நின்றது என்று கேட்கவில்லை. இவர் படியில் கொஞ்சம் நின்றார். பிறகு பையைச் சங்கத் தலைவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தார். "ஏன்?" என்று அவர் கேட்டார். நான்தான் சொன்னேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், முதல் நாளில் இருந்து, கையாலும் காட்டிச் சொன்னேன். தலைவர் கேட்டுக்கொண்டு நின்றார். கொட்டில் சுவரைப் பார்த்தார்.

பிறகு வந்த சனிக்கிழமை இவர் லீவு எடுத்தார். என்னையும் எடுக்கச் சொன்னார். கிழவர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

"முசியே, கோட்டைப் போடுங்கோ. துவக்கு வாங்கப் போறம். எனக்குத் தெரியேல்லை. நீங்கள் பாத்துச் சொல்லவேணும்."

கிழவர் திட்டினார். ஆனால் கோட்டைப் போட்டார். அவரை வானின் முன்சீற்றில் ஏற்றினோம். இவர் பின்னால் வெங்காயச் சாக்கில் இருந்தார்.

கடையில் அதே இரண்டு துவக்கும் மேசைக்கு வந்தன. கிழவர் இத்தாலியைப் பார்க்கவே இல்லை. "மக்கரோனியை எடுத்து அங்காலை வை," என்றார். பிரெஞ்சை எடுத்தார். மடித்தார். குழலுக்குள் பார்த்தார். கவுதாரியைப் பெருவிரலால் தடவினார். "இதுதான் துவக்கு. பிடி," என்றார்.

இவர் தோளில் வைத்தார். கிழவர் தடியை ஊன்றி நின்று பார்த்தார். துவக்கைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்தார்.

"திரும்ப வை."

திரும்ப வைத்தார். கழுத்து திரும்பவும் நீண்டது.

"மற்றதை எடு."

இத்தாலியை எடுத்து வைத்தார். கழுத்து இருந்த இடத்திலேயே இருந்தது. கன்னம் மரத்தில் படிந்தது. கிழவர் தடியை மற்றக் கைக்கு மாற்றிவிட்டுக் கேட்டார்.

"என்ரை துவக்கும் அந்தப் பிரெஞ்சுத் துவக்கின்ரை நீளம்தான். இவ்வளவு காலமும் கழுத்தை நீட்டி நீட்டியோ சுட்டனீ?"

"ஓம்."

"ஏன் சொல்லேல்லை?"

"உங்கடை துவக்கு."

கிழவர் கடைக்காரரிடம் திரும்பினார். "மக்கரோனியைக் கட்டு. இத்தாலிக்காரருக்கும் இவனை மாதிரிக் கட்டைக் கைபோலை."

பிறகு இவர் சொன்னார். வீட்டில் துவக்கு வைக்க மனைவி விடமாட்டா. அதற்கு இருக்க ஒரு வீடு வேண்டும். அலுமாரியில் இடம் இருக்குமோ?

"என்ரை அலுமாரியிலை வெளிநாட்டுத் துவக்கோ?" என்றார் கிழவர்.

"ஓம். துவக்கை வைச்சுக் காக்கிற வீட்டுக்குத்தான் பங்கு. அது எங்கடை வழக்கம்."

கிழவர் அவரை ஒருதரம் பார்த்தார். என்னை ஒருதரம் பார்த்தார். "அப்ப சரி," என்றார்.

அன்று பொழுதுபட, பழைய பிரெஞ்சுத் துவக்குக்குப் பக்கத்தில் இத்தாலித் துவக்கை நிறுத்திப் பூட்டினார்கள். எழுதிக் கொடுக்கவேண்டிய பத்திரங்களைச் சங்கத் தலைவர் பார்த்துக்கொண்டார். திரும்பி வரும்போது கேட்டேன்.

"சொந்தக்காரனுக்கு எண்டெல்லோ முதல் சொன்னனீங்கள்? காக்கிற வீட்டுக்கு எண்டு ஒரு வழக்கம் இருக்கோ அண்ணை?"

"இனி இருக்கு."

அதற்குப் பிறகு அவர் கழுத்தை நீட்டாமல் சுட்டார். குவியல் பழையபடி கிழவருக்குப் போனது. அக்கா பழையபடி யன்னலால் கேட்டா. லா சப்பலில் பழையபடி சிரித்தார்கள். அவர் எல்லாவற்றுக்கும் ஓம் என்றார்.

ஒரு மாரி முடிகிற நேரம் அவர் போய்விட்டார். குசினியில் நின்றபடி. நெஞ்சு.

செத்தவீட்டுக்கு லா சப்பல் சனம் வந்தது. மாதா கோவிலில் பூசை நடந்தது. கோவிலின் கடைசி வாங்கில் நாலைந்து பிரெஞ்சுக்காரர் கறுப்புக் கோட்டோடு இருந்தார்கள். ஒறேஞ்ச் சட்டை இல்லாததால் எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. கிழவர் வரவில்லை. அவரால் அவ்வளவு தூரம் வாகனத்தில் இருந்து வர முடியாது. ஒரு ஓக் கொப்பு கொடுத்து விட்டிருந்தார்.

துவக்கை என்ன செய்வது என்று அக்காவிடம் கேட்டேன். "எனக்கென்னத்துக்கு? அங்கையே கிடக்கட்டும். ஆரும் பாவிக்கட்டும்," என்றா. கிழவருடைய கிராமத்துப் பேக்கரிக்காரரின் மகள் அந்த வருசம்தான் வேட்டைப் பெர்மி எடுத்திருந்தாள். அவளும் கட்டை. துவக்கு அவளுக்கு அளவாக இருந்தது. பத்திரங்களைத் திரும்பவும் தலைவர் பார்த்தார்.

பருவம் தொடங்கியபோது தலைவர் எனக்குப் போன் எடுத்தார். வா என்றார். போனேன். தடியோடு நடந்தேன். பன்றி விழுந்தது. கொட்டிலுக்குள் நீலப் பிளாஸ்ரிக் விரித்தார்கள். ஒருவர் முதுகு காட்டி நின்றார். பெயர் பெயராகச் சொன்னார். என் பெயரும் வந்தது. எல்லோரும் எடுத்து முடிந்தது. ஒரு குவியல் மிச்சம் கிடந்தது.

கை வைக்கிறவர் அதில் கையை வைத்தார். "ஆருக்கு?"

"துவக்குக்கு."

ஒருவரும் சிரிக்கவில்லை. முதல் நாள் அவர் கேட்ட குவியல் அது.

அதைப் பையில் போட்டுக் கிழவரிடம் கொண்டு போனேன். கிழவர் வாங்கவில்லை.

"எனக்கில்லை. அவன்ரை வீட்டுக்குக் கொண்டு போ."

"காக்கிற வீட்டுக்குத்தானே முசியே?"

"முதல் நாள் இந்த மேசையிலை நிண்டு அவன் சொன்னது சொந்தக்காரனுக்கு எண்டு. பிறகு கடையிலை மாத்திச் சொன்னான். நான் கிழவன். செவிடன் இல்லை." கதிரையில் இருந்தார். "என்ரை பல்லுக்கு இப்ப சூப் காணும். கொண்டு போ. கொண்டு போக முதல் சொல்லு, பேக்கரிப் பெட்டை எங்கை நிண்டவள்?"

சொன்னேன். அவர் கையை உயர்த்திச் சுட்டார்.

லெ பிளாங்-மெனிலில் அக்கா கதவைத் திறந்தா. யன்னலால் பார்க்கவில்லை. பையை வாங்கி அவிழ்த்தா.

"என்ன இது?"

"பண்டி அக்கா. அண்ணையின்ரை துவக்கின்ரை பங்கு."

"அவர் இருக்கேக்கை வராத பங்கோ?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குக் கதை சொல்ல வராது. நடந்தபடி சொன்னேன். அக்கா இறைச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றா. லா சப்பல் மீன்கடையில் மீனைப் பார்க்கிற மாதிரி விரலால் அமத்திப் பார்த்தா.

"அப்ப சுட்டவர்தான்?"

"சுட்டவர்."

"ஒவ்வொரு கிழமையும் யன்னலிலை நிண்டு நான் கேட்டனான். மனிசன் ஓம் எண்டு மட்டும் சொல்லிப்போட்டு உள்ளை வந்து கை கழுவும்." மூக்கை உறிஞ்சினா. இறைச்சியைச் சட்டிக்குள் போட்டா. தண்ணியைத் திறந்துவிட்டா. "நல்ல கொழுப்பு. தொடைப் பக்கம் தந்திருக்கலாம்."

"ஆருக்கு எது எண்டு பாத்துக் குடுக்கிறேல்லை அக்கா. ஒருத்தர் திரும்பி நிண்டு பேர் சொல்லுவார்."

"அவரின்ரை பேரையோ சொன்னவங்கள்?"

"இல்லை. துவக்குக்கு எண்டு சொன்னவங்கள்."

அக்கா தண்ணியைப் பூட்டினா.

"பேரைச் சொல்லச் சொல்லும்," என்றா.

அடுத்த ஞாயிறு போய்ச் சொன்னேன். தலைவர் அந்தப் பெயரை ஒரு துண்டில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அன்று பன்றி சின்னது. குவியல்களும் சின்னவை. கடைசிக் குவியலில் கையை வைத்து, "ஆருக்கு?" என்றார் ஒருவர். முதுகு காட்டி நின்றவர் துண்டைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். நீளமான பெயர். நடுவில் நின்று ஒருதரம் மூச்சு எடுத்தார். பிறகு மிச்சத்தைச் சொன்னார்.

பிழையாகத்தான் சொன்னார்.

நான் கையை உயர்த்தினேன்.